பிக்கப் ஓடும்போது கேம்பர் பேட்டரிக்கு ஏன் சார்ஜ் ஏறுவதில்லை?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது 2019 ஃபோர்டு எஃப்-250 டீசல் பிக்கப். அதன் பின்தொட்டியில் ஏற்றி இறக்கும் பழைய கேம்பர் (பயணத்தில் தங்கிக்கொள்ளும் பெட்டி வீடு) ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். கேம்பரில் 100 ஆம்பியர்-ஹவர் லெட்-ஆசிட் பேட்டரி ஒன்று இருக்கிறது. கேஸ், 120 வோல்ட், 12 வோல்ட் மூன்றிலும் ஓடும் ஃபிரிட்ஜை 12 வோல்ட்டில் வைத்துக்கொண்டு கொலராடோவின் டென்வரிலிருந்து யூட்டாவின் மோவாப் வரை ஆறு மணி நேரம் ஓட்டினீர்கள். போய் இறங்கிப் பார்த்தால் பேட்டரி 12.1 வோல்ட்டில் நிற்கிறது, அதாவது ஏறக்குறைய பாதி காலி. பிக்கப்பில் இரண்டு பேட்டரி இருக்கிறதே, ஒன்றைக் கேம்பருக்கு ஒதுக்கி நேராகத் தடிமனான வயர் இழுக்கலாமா, அடுத்த வருடம் லித்தியம் போட்டால் அதே வயரிங் போதுமா என்பதுதான் நீங்கள் கேட்டது.

ஒதுக்கக் கூடாது. டீசல் பிக்கப்பில் இருக்கும் இரண்டு பேட்டரியும் ஒரே வேலைக்காக இணையாகக் கட்டப்பட்டவை. 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் எஞ்சினில் எட்டு சிலிண்டருக்கும் குளோ பிளக், அதாவது குளிரில் டீசல் பற்றிக்கொள்ள உள்ளே சூடேற்றும் பிளக், சூடாக வேண்டும். அந்தச் சுமை இறங்குவதற்குள் ஸ்டார்ட்டர் சுழல வேண்டும். கொலராடோவில் ஜனவரி காலைக் குளிரில் பேட்டரியின் பலம் பாதியளவுக்கு இறங்கியிருக்கும் நேரத்தில் இவ்வளவும் நடக்க வேண்டும். ஒன்று உதிரி, இன்னொன்றுதான் நிஜம் என்று அங்கே எதுவும் கிடையாது. ஒன்றைப் பிரித்துக் கேம்பருக்குக் கொடுத்தால் கோடையில் சமாளித்துவிடலாம், குளிர்காலத்தில் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டும் எப்போதும் சேர்ந்தே இருக்கட்டும். சேர்ந்து இருப்பதால் அவற்றின் வோல்டேஜும் ஒன்றுதான். எதிலிருந்து கேம்பர் வயரை எடுத்தாலும் சார்ஜ் ஏறுவதில் வித்தியாசம் வராது. ஃபியூஸ் மாட்ட எந்தப் பக்கம் இடம் இருக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து பின்னால் போக வழி சுலபம் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

சரி, ஆறு மணி நேரம் ஓட்டியும் ஏன் ஏறவில்லை? எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்நேட்டரில் பழுது இருக்காது. இடையில் இருக்கும் வயரில்தான் வோல்டேஜ் தொலைகிறது. பின் பம்பரிலோ பின்தொட்டிக்குள்ளோ இருக்கும் ஏழு முனை பிளக் டிரெய்லருக்காக வந்தது. அதில் விளக்குகளுக்குச் சில முனைகள், பிரேக்குக்கு ஒன்று, எர்த் ஒன்று, 12 வோல்ட் சார்ஜுக்கு ஒன்று. அந்தச் சார்ஜ் லைன் பெரும்பாலான பிக்கப்களில் 10 அல்லது 12 கேஜ் வயர் (கேஜ் என்பது வயரின் தடிமன் எண்; எண் குறையக் குறைய வயர் தடிமனாகும்). ஃபியூஸ் 30 ஆம்பியர் சுற்றுவட்டாரம். டிரெய்லரின் அவசர பிரேக் பேட்டரியை நிரப்பி வைக்க அது தாராளமாகப் போதும். ஃபிரிட்ஜையும் ஓட்டி, பாதி காலியான கேம்பர் பேட்டரியையும் நிரப்ப அது செய்யப்பட்டதே இல்லை.

இந்தக் கணக்கை நீங்களே மனசுக்குள் போட்டுப் பார்க்கலாம், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். 10 கேஜ் செம்பு வயர் 1,000 அடிக்கு ஏறக்குறைய 1 ஓம். இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும், மற்றதெல்லாம் இதிலிருந்தே வரும். கேஜ் எண் மூன்று குறைந்தால் வயரின் தடை பாதியாகும். ஆறு குறைந்து 4 கேஜ் ஆனால் கால்பங்கு. எஞ்சின் அறையிலிருந்து கேம்பர் பேட்டரி வரை வயர் வளைந்து நெளிந்து போகும் தூரம் 25 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டுமே, ஆக 50 அடி; 10 கேஜில் அது 0.05 ஓம். உங்கள் மாதிரி ஃபிரிட்ஜ் 12 வோல்ட்டில் 10 முதல் 15 ஆம்பியர் வரை இழுக்கும். 12 என்று வைப்போம். பேட்டரிக்கு ஒரு 8 ஆம்பியர் போகட்டும். மொத்தம் 20. இருபதை 0.05 ஓமால் பெருக்கினால் 1 வோல்ட். பிளக் முனை, ஃபியூஸ், பழைய இணைப்பு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போகும். முன்னால் 14.2 வோல்ட் இருந்தால் கேம்பர் பேட்டரியின் முனையில் 13 தான் மிஞ்சும். லெட்-ஆசிட் பேட்டரி முறையாக ஏற 14.4 வோல்ட் பக்கம் வேண்டும். 13 வோல்ட்டில் அதற்குள் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். உங்கள் ஃபிரிட்ஜ் அந்தச் சொட்டையும் குடித்துவிட்டது.

இங்கே ஒன்று கவனியுங்கள்: பேட்டரி தானாக வந்து இவ்வளவு ஆம்பியர் வேண்டும் என்று இழுத்துக்கொள்ளாது. அதன் முனையில் எவ்வளவு வோல்டேஜ் வந்து சேர்கிறதோ அதைப் பொறுத்துத்தான் மின்சாரம் உள்ளே போகும். அதனால் பெரிய ஆல்டர்நேட்டர் போட்டாலோ இரட்டை ஆல்டர்நேட்டர் இருந்தாலோ மெல்லிய வயருக்கு அந்தப்பக்கம் ஒன்றும் மாறாது. பணம் செலவழிக்கும் முன் ஒரு மல்டிமீட்டரை எடுத்து இதை உறுதி செய்துகொள்ளுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஃபிரிட்ஜை 12 வோல்ட்டில் போட்டு, பிக்கப் பேட்டரி முனைகளில் ஒரு அளவு எடுங்கள், கேம்பர் பேட்டரி முனைகளில் இன்னொன்று. இரண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் குற்றவாளி வயர்தான். கேம்பர் பேட்டரி முனையில் எஞ்சின் ஓடும்போதும் நிற்கும்போதும் ஒரே அளவுதான் காட்டுகிறது என்றால் லைனே வரவில்லை. ஃபியூஸோ ரிலேயோ (மின்சாரத்தால் தானே சேர்ந்து பிரியும் சுவிட்ச்) போயிருக்கும். (ஜிஎம், அதாவது ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப் வைத்திருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால்: பல வருட மாடல்களில் அந்தச் சார்ஜ் வயர் எஞ்சின் அறையில் இணைக்கப்படாமல் மடித்து ஒட்டித்தான் கம்பெனியிலிருந்தே வரும். அதை நீங்கள்தான் ஃபியூஸ் பெட்டியின் போல்ட்டில் மாட்ட வேண்டும்.)

இப்போது லெட்-ஆசிட் பேட்டரியே இருக்கும்வரை என்ன செய்யலாம் என்று பார்ப்போம். 4 கேஜ் செம்புக் கேபிள், பிளஸ்ஸுக்கு ஒன்று, மைனஸுக்கு ஒன்று. அதே 20 ஆம்பியருக்கு இப்போது கால் வோல்ட்தான் போகும். நடுவில் ஒரு ரிலே. இந்த ரிலே எதற்கென்றால், எஞ்சின் நின்ற பிறகு கேம்பர் விளக்கும் ஃபிரிட்ஜும் பிக்கப் பேட்டரியைக் குடிக்கக் கூடாது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டார்ட்டரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுப்பு உங்கள் கேபிள் வழியாகக் கேம்பர் பேட்டரிக்குத் தாவக் கூடாது.

ரிலேயில் மூன்று வகை பார்ப்பீர்கள். மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் டயோடு வைத்த பழைய ஐசொலேட்டர் வேண்டாம். அது மட்டுமே 0.7 வோல்ட்டைத் தின்றுவிடும். தடிமனான கேபிள் போட்டு மிச்சப்படுத்தியதை அங்கே கொடுத்துவிடுவீர்கள். இக்னிஷனில் சேரும் சொலினாய்டு (காந்தச் சுருளால் இயங்கும் சுவிட்ச்) மலிவு, நல்லதும்கூட, ஆனால் தொடர்ந்து ஓடும்படி செய்த சொலினாய்டாக இருக்க வேண்டும். கடையில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே தோற்றத்தில் இருக்கும் ஸ்டார்ட்டர் சொலினாய்டு சில நொடி வேலைக்குச் செய்தது. அரை நாள் ஓட்டினால் எரிந்துவிடும். மூன்றாவது, வோல்டேஜைப் பார்த்துத் தானே சேர்ந்து தானே பிரியும் ரிலே. புளூ சீ நிறுவனத்தின் 120 ஆம்பியர் ரிலே, இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கம் 13 வோல்ட்டுக்கு மேல் ஒன்றரை நிமிடம் நின்றாலும் சேர்ந்துவிடும்; 12.75-க்குக் கீழே அரை நிமிடம் இருந்தால் பிரியும். என் கை இதற்குத்தான் போகும். கேம்பர் கூரையில் சோலார் இருந்தால், வாரக்கணக்கில் நிற்கும் பிக்கப்பின் பேட்டரியையும் அதே ரிலே நிரப்பி வைக்கும் என்பது கூடுதல் லாபம். மெல்லிய வயரோடு மட்டும் இதைச் சேர்க்காதீர்கள். சேர்ந்ததும் வோல்டேஜ் இறங்கும், பிரிந்ததும் ஏறும். நாள் முழுக்கச் சேர்ந்து பிரிந்துகொண்டே இருக்கும்.

உங்கள் பிக்கப்பில் அப்ஃபிட்டர் சுவிட்ச் (கூடுதல் சாதனங்களுக்காகக் கம்பெனியே வைத்துத் தரும் சுவிட்ச்) இருந்தால், சொலினாய்டின் சுருளை அதில் கட்டி விருப்பப்பட்டபோது மட்டும் சேர்க்கலாம். அதுவும் நல்ல ஏற்பாடுதான். எஞ்சின் ஸ்டார்ட் ஆன பிறகு போட வேண்டும், நிறுத்தும் முன் எடுக்க வேண்டும். வீட்டில் இரண்டு பேர் மாறி மாறி ஓட்டினால் யாராவது ஒருவர் மறந்துவிடுவார்.

அடுத்தது ஃபியூஸ். இந்தப் பதிலில் ஒரு பத்தியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். வீட்டு வயரிங்கிலும் சாதாரணக் கார் வயரிங்கிலும் மின்சாரம் ஒரு முனையிலிருந்துதான் வரும். உங்கள் கேபிளின் இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. நடுவில் எங்காவது தோல் உரிந்து சேஸியைத் தொட்டால் முன் பேட்டரியும் கொட்டும், பின் பேட்டரியும் கொட்டும். முன்னால் மட்டும் ஃபியூஸ் போட்டிருந்தால் அது எரிந்து தன் பக்கத்தைக் காப்பாற்றும். கேம்பர் பேட்டரி அந்தக் கேபிள் சிவக்கும்வரை ஊட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் பேட்டரிக்கு மேலேதான் பெரும்பாலும் கட்டில் இருக்கிறது. ஆகவே இரண்டு ஃபியூஸ், ஒவ்வொன்றும் தன் பேட்டரியை ஒட்டி. அமெரிக்கத் தேசிய மின் விதிகள் கேம்பர் வண்டிகளுக்கு 18 அங்குலத்துக்குள் என்கின்றன; படகுக்கு 7 அங்குலம் என்பது வழக்கமான விதி. படகுக்காரர்கள் சொல்வதையே கேளுங்கள். பேட்டரி முனையிலேயே நேராக மாட்டும் ஃபியூஸ் பிளாக் கிடைக்கிறது, அதை வாங்கினால் தூரக் கவலையே இல்லை. 4 கேஜுக்கு 80 அல்லது 100 ஆம்பியர் வைக்கலாம். ஃபியூஸ் என்பது கேபிளைக் காப்பாற்ற, கேபிள் தாங்குவதைவிடப் பெரிய ஃபியூஸ் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. அறுந்த பிறகு தானே மறுபடி சேர்ந்துகொள்ளும் விலை குறைந்த பிரேக்கர்களை நான் இந்த இடத்தில் போட மாட்டேன். ஷார்ட் ஆன கேபிளுக்குத் திரும்பத் திரும்ப மின்சாரம் கொடுப்பது அதன் வேலையாகிவிடும்.

எர்த் பற்றிய சிக்கல் உங்கள் வண்டிக்கே உரியது. 2017-லிருந்து உங்கள் எஃப்-250 சேர்ந்த சூப்பர் டியூட்டி வரிசை வண்டிகளின் உடலும் பின்தொட்டியும் அலுமினியம். எஃப்-150 இதற்கு 2015-லேயே மாறிவிட்டது. பழைய வண்டியில் செய்ததுபோல் பின்தொட்டியில் ஒரு போல்ட் போட்டு எர்த் எடுத்தால், செம்பும் எஃகும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்து, ரோட்டில் உப்பு தூவும் இரண்டு குளிர்காலத்தில் அந்த இடம் வெள்ளைப் பொடியாகிவிடும். மைனஸுக்கும் முழுக் கேபிள் இழுங்கள். முன்னால் அதை எங்கே கட்டுவது? உங்கள் பேட்டரிகளில் ஒன்றின் மைனஸ் கிளாம்ப்பில் சின்னப் பெட்டி மாதிரி ஒரு சென்சார் இருக்கிறதா பாருங்கள். உள்ளே போகிற, வெளியே வருகிற மின்சாரத்தை அது எண்ணுகிறது; அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் வண்டியின் கம்ப்யூட்டர் ஆல்டர்நேட்டர் வோல்டேஜை ஏற்றி இறக்குகிறது. சென்சாருக்கு உட்புறமாகப் பேட்டரி முனையிலேயே நீங்கள் கட்டினால் கேம்பருக்குப் போவது கணக்கில் வராது. பேட்டரியின் எர்த் கேபிள் வண்டியின் எஃகு சேஸியில் இறங்கும் போல்ட்டில் கட்டிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

கேபிள் வாங்கும்போது சுத்தச் செம்பா என்று பாருங்கள். செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியக் கேபிள் பாதி விலைக்குக் கிடைக்கும். அதே தடிமனுக்கு ஒன்றரை மடங்கு தடை. முனைகளைச் சரியான கிரிம்ப்பிங் கருவியால் அழுத்தி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி ஒட்டும் உறை) போடுங்கள். கேபிளைச் சேஸியின் ஓரமாக, எக்ஸாஸ்ட் போகாத பக்கத்தில், நெளிகுழாய்க்குள் விட்டுக் கொண்டுபோங்கள். டீசலில் துகள் வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும் நேரத்தில் எக்ஸாஸ்ட் பக்கத்துச் சூடு சாதாரணமானது அல்ல. பின்தொட்டியின் முன்சுவரில் ஆண்டர்சன் எஸ்பி175 என்ற கனமான மின்சாரத்துக்கான பிளக் ஒன்று வையுங்கள். 4 கேஜ் அதில் தாராளமாகப் போகும். சிறிய எஸ்பி50-யில் 6 கேஜ்வரைதான் போகும். கேம்பரை இறக்கும் முன் இந்தப் பிளக்கைக் கழற்ற வேண்டும் என்பதை கேம்பரைத் தூக்கி இறக்கும் ஜாக்கின் பட்டனுக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள். பிக்கப் நகர்ந்து கேபிள் அறுந்தால் போவது பிளக் மட்டும் அல்ல.

இவ்வளவும் செய்தாலும் ஓட்டத்திலேயே பேட்டரி முழுக்க நிரம்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பாதியிலிருந்து எண்பது சதவீதம்வரை வேகமாக ஏறும். அதற்கு மேல் லெட்-ஆசிட் தானே மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைசி இருபது சதவீதத்துக்குப் பல மணி நேரம் வேண்டும். அந்த வேலைக்குக் கூரையில் 100 அல்லது 200 வாட் சோலார் மிகவும் பொருத்தம். அப்புறம், உங்கள் ஃபிரிட்ஜை 12 வோல்ட்டில் ஓட்டும் பழக்கம் எஞ்சின் நின்றதும் நிற்க வேண்டும். 12 ஆம்பியர் இழுப்பை மதியச் சாப்பாட்டு நேரத்தில் மறந்து விட்டுவைத்தால், காலை முழுக்க ஏற்றியதில் ஒரு நல்ல பங்கு போய்விடும்.

இனி லித்தியம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்கும் நாளன்று மேலே சொன்ன ரிலேயைக் கழற்றிவிடுங்கள். இரண்டு காரணம். லித்தியம் பேட்டரி பாதி காலியாக இருந்தாலும் 13 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும். 12.75-க்குக் கீழே இறங்கினால் பிரிய வேண்டிய ரிலே, எஞ்சினை நிறுத்திய பிறகும் பிரியாது. இரவெல்லாம் கேம்பர் பேட்டரி பிக்கப்புக்கு ஊட்டும், காலையில் ஸ்டார்ட்டரும் அதிலிருந்து இழுக்கும். இரண்டாவது காரணம் ஆல்டர்நேட்டர். லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு. கொடுத்ததையெல்லாம் வாங்கும், லெட்-ஆசிட் மாதிரி போகப்போகக் குறைத்துக்கொள்ளாது. எஞ்சின் மெதுவாக ஓடி ஆல்டர்நேட்டர் விசிறி காற்று வீசாத நேரத்தில் முழுச்சுமை விழுந்தால் அது கருகிவிடும். விக்ட்ரான் நிறுவனம் இதைச் சோதனை மேசையில் செய்து, ஆல்டர்நேட்டரிலிருந்து புகை வரும்வரை படம் பிடித்துக் காட்டியிருக்கிறது.

இதற்குத் தீர்வு டிசி-டிசி சார்ஜர். முன்னால் 13 வோல்ட் வந்தாலும் 14.5 வந்தாலும், பின்னால் பேட்டரிக்கு வேண்டிய வோல்டேஜை உண்டாக்கிக் கொடுக்கும்; எவ்வளவு ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது என்பதையும் கட்டுப்படுத்தும். கம்ப்யூட்டர் வோல்டேஜை ஏற்றி இறக்கும் உங்கள் மாதிரி புது வண்டிக்கு இது கூடுதலாகப் பொருந்தும். அதைக் கேம்பர் பேட்டரிக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். வழியில் தொலைந்த வோல்டேஜை அங்கேதான் அது ஈடு கட்ட முடியும்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 30 ஆம்பியர் சார்ஜர் என்றால் பேட்டரிக்கு 30 ஆம்பியர் கொடுப்பது. 14.4 வோல்ட்டில் அது 432 வாட். சார்ஜரின் சூட்டில் போவதையும் சேர்த்தால் முன்னாலிருந்து 490 வாட்டாவது வேண்டும். வந்து சேரும் வோல்டேஜ் 12 என்றால் 41 ஆம்பியர். ஏழு முனை பிளக்கில் இதை மாட்டினால் 30 ஆம்பியர் ஃபியூஸ் போய்விடும். பிளக் வழியாகவே ஓட்ட வேண்டுமென்றால் 18 ஆம்பியர் சார்ஜருக்கு மேல் போகாதீர்கள். அதுவே உள்ளே 25 ஆம்பியர் இழுக்கும். உங்களுக்கு 4 கேஜ் கேபிள் ஏற்கெனவே இருக்கும் என்பதால் 30 ஆம்பியர் சார்ஜர் சுகமாக ஓடும். அடுத்த வருடம் லித்தியம் உறுதி என்றால் ரிலேக்குச் செலவழிக்காமல் இன்றைக்கே டிசி-டிசி வாங்கிவிடலாம். லெட்-ஆசிட்டுக்கும் அதில் செட்டிங் இருக்கும், பேட்டரி மாற்றும் நாளில் செட்டிங்கை மாற்றினால் போதும். உங்கள் நிலைமையில் நான் அதைத்தான் செய்வேன்.

கொலராடோவில் இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும்: 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே லித்தியத்துக்குச் சார்ஜ் ஏற்றினால் உள்ளே நிரந்தரச் சேதம் வரும். குளிரில் சார்ஜை நிறுத்தும் பாதுகாப்போ உள்ளேயே சூடாக்கியோ உள்ள பேட்டரியாக வாங்குங்கள். லெட்-ஆசிட்டுக்கு இருந்த காற்றுப் போக்குள்ள வெளிப்பெட்டியில் வைக்காமல் கேம்பருக்குள் சூடு உள்ள இடத்துக்கு மாற்றுங்கள். அங்கே ஃபியூஸும் கிளாஸ் டி (Class T) வகைக்கு மாற வேண்டும். ஷார்ட்டில் லித்தியம் கொட்டும் ஆயிரக்கணக்கான ஆம்பியரைச் சாதாரண ஃபியூஸ் நிம்மதியாக அறுக்கும் என்று நம்ப முடியாது. கிளாஸ் டி 20,000 ஆம்பியர்வரை அறுக்கும்.

வேலை தொடங்கும்போது இரண்டு பிக்கப் பேட்டரியின் மைனஸையும் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் கழற்றினால் இணையாக இருக்கும் மற்றது உயிரோடுதான் இருக்கும். கேபிளெல்லாம் மாட்டி முடிக்கும்வரை இரண்டு ஃபியூஸையும் கையில் வைத்திருங்கள். ஃபியூஸ் போடும் முன் கேபிளின் பிளஸ்ஸுக்கும் சேஸிக்கும் இடையே மீட்டரில் தொடர்பு காட்டுகிறதா என்று ஒருமுறை பாருங்கள், காட்டக் கூடாது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, முதலில் எடுத்த அதே இரண்டு அளவையும் அதே சுமையோடு மறுபடி எடுங்கள். அரை மணி ஓட்டிவிட்டு நிறுத்தி ஒவ்வொரு முனையையும் பிளக்கையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அங்கே கிரிம்ப்பிங்கோ போல்ட்டோ சரியில்லை, அதைக் கழற்றித் திரும்பச் செய்யுங்கள்.